பேச்சி சொன்ன பஸ் ரூட்

பேச்சி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கம்பிக் கவசம், நெஞ்சில் மெத்தைக் கவசம், இடக்கையில் பெரிய தோல் கிளவுஸ். வலக்கைக் கட்டைவிரலில் வெள்ளை பிளாஸ்திரி. மூன்று பேஸிலும் ஓடிவரத் தயாராகச் சென்னைப் பெண்கள் நின்றார்கள். இன்னும் ஒருத்தரும் அவுட் இல்லை. பந்து என் கையில் இருந்தது.

"ஏளா, கூடங்குளம் போவமா, கூடங்குளம்?" என்று பேச்சி கேட்டாள்.

அம்பயர் குனிந்து அவளை ஒருமுறை பார்த்தார். வெயிலில் பிள்ளைக்கு மண்டை காய்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். மட்டை பிடித்து நின்ற பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். எனக்கு மட்டும் அவள் என்ன கேட்கிறாள் என்று தெரியும். பந்தைத் தாழ்த்திப் போடு, முழங்காலுக்கும் கீழே போடு என்கிறாள்.

போட்டேன். முழங்காலுக்குக் கீழே என்றால் கொஞ்சம் கீழே என்று பொருள். நான் போட்டது மண்ணுக்கே போய்விட்டது.

அந்தப் பந்து அப்படியே வந்துகொண்டிருக்கட்டும். பேச்சி யார் என்று சொல்லாமல் அது எங்கே போனது என்று சொன்னால் உங்களுக்குச் சுவைக்காது. போன வாரம் நான் கல்லூரியில் பேஸ்பால் ஆடிய கதையைத் தொட்டதும் ஒரு வாசகர் கூப்பிட்டு, "அது அமெரிக்காக்காரன் ஆட்டமில்லா, திருநெல்வேலிக்கு எப்பிடி வந்துது?" என்று கேட்டார். மற்றதெல்லாம் எப்படி வந்ததோ அப்படித்தான் வந்தது அண்ணாச்சி. பி.டி. மிஸ் ஒருநாள் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்.

உட்கார ஆள் வேண்டும்

பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த கல்லூரியில் மிஸ் மூட்டையைப் பிரித்தபோது மட்டையை எடுக்கப் பத்துப் பேர் பாய்ந்தார்கள். எனக்குக் கை நீளம் என்று சொல்லி, பந்து எறிகிற பிட்ச்சர் வேலையை மிஸ் என்னிடம் கொடுத்தார். மட்டைக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் வேலைக்கு யாரும் வரவில்லை. கவசத்தில் யாரோ விட்டுப்போன வியர்வை நாற்றம். ஆட்டம் முழுக்கக் குத்தவைத்தே இருக்க வேண்டும். பந்து மேலே பட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"உக்காந்தே இருக்கணும், அம்புட்டுத்தான மிஸ்? எங்க ஊர்ல பொம்பளையளுக்கு அதான சோலி" என்று ஒருத்தி முன்னால் வந்தாள். அவள்தான் பேச்சியம்மாள்.

தச்சநல்லூர் தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா வாழைத் தோட்டத்தில் தார் சுமக்கிறவர். பேச்சியும் சின்ன வயதிலிருந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியவள்தான். இலையை எடுத்து, தூளைப் போட்டு, உருட்டி, நூல் கட்டுவதற்குள் அவள் நம்மிடம் இரண்டு ஊர்க்கதை சொல்லி முடித்திருப்பாள். அந்த விரல்கள் பின்னால் எதற்கு உதவின என்பதைச் சென்னைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். இந்த ஆட்டத்தில், பிட்ச்சர் எறியும் நேரம் பார்த்து ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடலாம். அதற்குப் பேஸ் திருடுவது என்று பெயர். ("திருடுததுக்கு ஒரு விளையாட்டா? நம்ம வீட்டுப் பிள்ளை போற எடத்தப் பாத்தியளா?" என்று என் அம்மா அப்பாவிடம் முறையிட்டது வேறு கதை.) பேச்சி பின்னால் இருந்தால் திருட்டு நடக்காது. பந்து கிளவுஸில் விழுந்த சத்தமும் அது இரண்டாவது பேஸுக்குப் போய்ச் சேர்ந்த சத்தமும் அடுத்தடுத்துக் கேட்கும். நடுவில் அது எப்போது கை மாறியது என்று எனக்கே தெரியாது.

நான் தச்சநல்லூர்க்காரி. சைவ வீடு, அப்பா தாலுகா ஆபீஸ். எனக்கும் அவளுக்கும் ஒரே பஸ். அவள் முதலிலேயே ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருப்பாள். பதிலுக்கு என் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி அவளுக்கு. அம்மா எனக்கென்று கட்டிக் கொடுத்த சொதியில் பாதிக்கு மேல் பேச்சிதான் தின்றிருக்கிறாள். அம்மாவுக்கும் அது தெரியும். பாத்திரம் பெரிதாகிக்கொண்டே போனது.

வண்ணார்பேட்டையில் பைய

கேட்ச்சர் விரலைக் காட்டித்தான் பிட்ச்சரிடம் பந்து கேட்க வேண்டும். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இன்னொன்று. எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வரும். போடாவிட்டால் பேச்சியின் விரல் எது, மண்ணில் கிடக்கிற குச்சி எது என்று தெரியாது.

வழி பஸ்ஸில்தான் பிறந்தது. ஒருநாள் வண்ணார்பேட்டை நெரிசலில் பஸ் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. பேச்சி என் தொடையில் தட்டினாள்.

"ஏட்டி, இனிமே வெரல் கிரல்லாம் வேண்டாம். வாயாலயே சொல்லுதேன். வண்ணார்பேட்டைன்னா பைய போடு. இங்கன எந்த வண்டி வெரசாப் போயிருக்கு?"

மிச்சமும் அங்கேயே முடிவானது. தச்சநல்லூர் வடக்கே இருக்கிறது, ஆகவே மேலே. கூடங்குளம் தெற்கே கடலோரம், ஆகவே கீழே. அவள் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பாள். "தச்சநல்லூர்ல மழையாமே", "கூடங்குளத்துல எங்க அத்தை இருக்கா." நடுவில் எனக்கு வேண்டிய ஊர் வந்துவிடும். வெளியூர் அணிகளுக்கு இது வாயாடிப் பெண் ஒருத்தியின் உளறல். பேச்சி என்று பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று மிஸ் சொல்லுவார். எனக்கு அந்தக் குரல் இருந்தால் போதும், கண்ணே வேண்டாம் என்றிருந்தது.

முந்திக்கொண்ட ஃபிளெக்ஸ்

ஆனால் பேச்சிக்குப் பேர் வாங்கித் தந்தது இது எதுவும் இல்லை. கடைசி நேரத்து அடிதான்.

ஆறு இன்னிங்ஸ் வரை சும்மா இருப்பாள். கடைசியான ஏழாவதில் இரண்டு பேர் அவுட்டாகி, நாங்கள் பின்தங்கி, மிஸ் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தபிறகு மட்டையோடு வருவாள். அடித்தால் பந்து வேலியைத் தேடிப் போகும். எப்படி என்று கேட்டேன்.

"நானும் கேட்ச்சர்தான ளா. அவ எடத்துல நான் உக்காந்திருந்தா என்ன பந்து கேப்பேன்னு யோசிப்பேன். அவளும் அதத்தான் கேப்பா. அது வரும், நான் அடிப்பேன்."

மாநில அளவிலான போட்டி அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நடந்தது. அரையிறுதியில் அவள் அடித்த அடி வேலியோரத்து வேப்பமரத்தில் பட்டு விழுந்தது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள், ஜெயித்தோம். யாரோ எடுத்த வீடியோ ராத்திரிக்குள் எல்லார் போனுக்கும் போய்விட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் பேச்சி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி?"

"ஊர்ப் பையன்மாரு ஃபிளெக்ஸ் வச்சிட்டானுவ."

போட்டோ காட்டினாள். அவள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஆள் உயர ஃபிளெக்ஸ். பேச்சியின் பழைய படத்தை வெட்டி, கையில் ஒரு கிரிக்கெட் மட்டையை ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட பதினைந்து தம்பிமார் படம். மேலே பெரிய எழுத்தில் 'மாநில அணிக்குத் தேர்வான எங்கள் சிங்கப்பெண்ணே வருக'.

அணித் தேர்வு இறுதி ஆட்டம் முடிந்த பிறகுதான். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் காதுகுத்தே நடத்திவிட்டார்கள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால் உடற்கல்விப் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அந்தக் கோடையோடு படிப்பு முடிந்தது, முறம் மடிக்கு வரும். அவள் அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கிடைத்தால் போ, கிடைக்காட்டா இங்கன இரு என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் பேச்சிக்குப் பயமாக இருந்தது.

"கெடைக்கலன்னா அந்தப் படத்துக்குக் கீழதான ளா நான் தெனமும் பஸ்ஸுக்கு நிக்கணும்" என்றாள்.

மண்ணுக்குப் போன பந்து

இப்போது அந்தப் பந்துக்கு வருவோம்.

இறுதி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். சென்னை மூன்று ரன், நாங்கள் இரண்டு. பேச்சியின் கட்டைவிரலில் நாலாவது இன்னிங்ஸிலேயே ஒரு பந்து உரசி, விரல் சிறுகிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. அவள் ஊரிலிருந்து ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆள் வந்திருந்தார்கள், ஒரு சாக்கு வெடியோடு. "எப்பலே நம்ம பிள்ளை அடிக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கே கேட்டது.

பந்து மண்ணில் குத்தித் தாறுமாறாக எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது பின்னால் போனால் இரண்டு ரன்னாவது போயிருக்கும்.

திறந்தபோது பேச்சி இரண்டு முழங்காலையும் மண்ணில் போட்டு, தோளைக் குறுக்கி, கோழி குஞ்சை மறைக்கிற மாதிரி அதன்மேல் கவிந்திருந்தாள். பந்து அவள் நெஞ்சில் பட்டு முன்னாலேயே செத்து விழுந்தது. மூன்றாவது பேஸிலிருந்து கிளம்பியவள் பாதி வழியில் திகைத்து நின்றாள். பேச்சி அந்த வீங்கிய விரலோடு பந்தை எடுத்து மூன்றாவது பேஸுக்கு விட்டாள். ஒருத்தி அவுட்.

மட்டை பிடித்து நின்றவளுக்கு நான் நாலு பந்தைக் குறி தவறிப் போட்டதில் அவள் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்தாள், மூன்று பேஸும் மறுபடி நிறைந்தன. அடுத்தவள் அடித்தது உருண்டு என்னிடமே வந்தது. பேச்சிக்கு எறிந்தேன். அவள் தன் முன்னால் கிடந்த ஹோம் பிளேட்டை மிதித்துக்கொண்டே பிடித்து, முதல் பேஸுக்கு விட்டாள். இரண்டு பேர் சேர்ந்து அவுட். மூன்று பேஸிலும் ஆள் இருந்த இன்னிங்ஸ், ஒரு ரன்னும் இல்லாமல் முடிந்தது.

லோடு ஆட்டோவில் ஒருத்தரும் கைதட்டவில்லை. மட்டை இன்னும் அவள் கைக்கு வரவில்லையே.

வந்தது. நாங்கள் ஆடும்போது இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் எங்கள் ஆட்கள். பேச்சி மட்டையை எடுத்ததும் ஒரு பையன் வெடிச் சாக்கை அவிழ்த்தே விட்டான். சென்னைக்குப் பந்து எறிந்தவள் நிவேதா. நல்ல உயரம், முகத்தில் சிரிப்பே கிடையாது. இரண்டு ஸ்ட்ரைக் ஆனது, மூன்றானால் அவுட். மூன்றாவதுக்கு அவளுடைய கேட்ச்சர் விரலைக் காட்டினாள். நிவேதா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பேச்சி யோசித்து வைத்திருந்தது அந்தக் கேட்ச்சர் கேட்கும் பந்தை. நிவேதா போட்டது தன் பந்தை. நேராக வந்தது கடைசியில் தடாலென்று கீழே இறங்கியது. பேச்சி வீசினாள். மட்டையில் காற்றுதான் பட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வெடிச் சாக்கு அவிழ்த்தபடியே ஆட்டோவில் ஏறியது. பேச்சி மட்டையை ஒழுங்காகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, குழாயடியில் கட்டைவிரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அழுகை வந்தது எனக்குத்தான்.

வேப்பமரத்தடியில்

தேர்வுக்குழு அந்த வேப்பமரத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கேட்ச்சர் வேண்டும். ஒருத்தி ஏற்கெனவே முடிவாகிவிட்டாள். மிச்சம் ஒரு இடம், பேச்சிக்கா சென்னைக் கேட்ச்சருக்கா என்று பேச்சு. எங்கள் மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழுவுக்குத் தலைவியான மேடம் சொன்னது நாங்கள் நின்ற இடத்துக்கே கேட்டது.

"கடைசி நேரத்துல அடிப்பான்னு சொன்னீங்க. இன்னைக்கு அடிக்கலையேம்மா."

அப்போது நிவேதா போனாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே போனாள். அவள் பெயர் பட்டியலில் முதலிலேயே ஏறியிருந்தது.

"மேடம், அந்தக் கடைசிப் பந்து இருக்கே, அதுதான் என்னோட பெஸ்ட் பால். இன்னைக்கு முழுக்க நான் அதை அதிகமாப் போடவே இல்ல. மூணாவது பேஸ்ல ஆள் இருந்தா பயம். கீழ இறங்குற பந்து, பின்னாடி நிக்காமப் போயிடும். கடைசியில வேற வழியில்லாமதான் போட்டேன். அந்தப் பொண்ணு பின்னாடி இருந்தா பயப்படாமப் போடலாம். இன்னைக்கு அவங்க பிட்ச்சர் மண்ணுல போட்டதையெல்லாம் பார்த்தீங்களா? ஒண்ணாவது போச்சா?"

அவங்க பிட்ச்சர் என்றது என்னை. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

மேடம் யோசித்தார். "சரி, அவளுக்கு நீயே போட்டுக் காட்டு" என்றார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேச்சி மறுபடி கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வலக்கையை நீட்டி விரலைக் காட்டப் பார்த்தாள். பிளாஸ்திரிக்குள் கட்டைவிரல் வீங்கி, மற்ற விரல்களும் மடங்கவில்லை. ஐந்தும் நீட்டியபடி நின்றன. நிவேதா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பேச்சி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள்.

"கூடங்குளம்."

நிவேதா பந்தோடு என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றா? காலையிலேர்ந்து ஊர் பேரா சொல்லிட்டிருக்கா."

அந்த ரூட் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே இருந்தது. மிஸ்ஸுக்குக்கூடச் சொன்னதில்லை. என் பெயர் அந்தப் பட்டியலில் வராது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சி போகிற இடத்தில் அவள் குரலைக் கேட்டுப் பந்து போடப்போவது வேறொருத்தி. கவசத்துக்குள்ளிருந்து பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நிவேதா பக்கத்தில் போய் நின்றேன்.

"கூடங்குளம்னா கீழ போடணும். தச்சநல்லூர்னா மேல. வண்ணார்பேட்டைன்னா பைய" என்றேன்.

"பையன்னா?"

"மெதுவா."

நிவேதா ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போட்டாள். அது தடாலென்று இறங்கி மண்ணில் குத்தியது. பேச்சி அதன்மேல் கவிந்தாள். அடுத்ததும் இறங்கியது, அதற்கடுத்ததும். பேச்சியின் வாயிலிருந்து கூடங்குளத்தைத் தவிர வேறு ஊரே வரவில்லை. சென்னைப் பிள்ளை அன்று முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன். பந்துகளில் ஒன்றுகூட வேப்பமரத்துப் பக்கம் போகவில்லை. மேடம் பேனாவை எடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் வண்ணார்பேட்டை வரை பேச்சி வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்த ஒரே தூரம் அதுதான். வண்ணார்பேட்டையில் வழக்கம்போல் பஸ் நின்றது.

"ஏட்டி, அவளுக்கு ரூட்ட சொல்லிக் குடுத்தியே. ஒனக்கு வலிக்கலியா?"

"வலிச்சுது" என்றேன்.

"எனக்கும்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்திரி போட்ட கையை என் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் பைய நகர்ந்தது.

ஐப்பசி

நான் இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரசீது போடுகிறேன். கண்ணாடி வியர்வையில் வழுக்குவதில்லை, ஏசி இருக்கிறது. பேச்சி வெளியூரில் உடற்கல்வி படிக்கிறாள். நிவேதா போடும் பந்தைப் பின்னால் உட்கார்ந்து பிடித்து இரண்டு வருஷம் மாநிலத்துக்கு ஆடிவிட்டாள். சென்னைப் பெண் இப்போது எங்கே போனாலும் 'பைய' என்கிறாளாம்.

போன ஐப்பசியில் அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஆறு கரைபுரண்டு ஓடிய வாரம். பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் இல்லை. அன்று தோற்ற செய்தி ஆட்டோவில் வந்து சேர்ந்ததுமே தம்பிமார் வெட்கப்பட்டு அவிழ்த்துவிட்டார்களாம். தேர்வான செய்தி வந்து மறுபடி கட்ட ஓடியபோது பேச்சியின் அம்மா தரமாட்டேன் என்றுவிட்டார். அதற்குள் அது அவர் வீட்டுக் கூரைக்கு ஏறிவிட்டது.

உள்ளே பாய்மேல் பீடி இலைக்கட்டுகள். இலை நனைந்தால் ஒரு வாரச் சோறு போச்சு. அண்ணாந்து பார்த்தேன். கூரைக்கு அடியில், கையில் யாருடையதோ ஒரு கிரிக்கெட் மட்டையோடு, பேச்சி எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்த உள்பக்கமா வச்சிக் கட்டியிருக்கியளே அத்தை?"

"வெளிய பாக்க வச்சா மழையில பிள்ள முகம் கெட்டுப் போவாதா?" என்றார் அவர், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழை ஃபிளெக்ஸின் மேல் சடசடவென்று விழுந்தது. அன்றைய ஆட்டத்தை அவரும் லோடு ஆட்டோவில் வந்து பார்த்தவர்தான். ஆட்டம் புரிந்ததா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. அவரே ஒரு பீடிக்கு நூலைக் கட்டி, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மேலே பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு மழக்காலம் ஆச்சு. ஒரு சொட்டு உள்ள விடமாட்டுக்கா."